பூட்டிய வீடும் ஊர்க் காரியமும்: குமரி மாவட்டத்தில் இரண்டாம் வீடு வைத்திருப்போருக்கு

எங்கள் தெருவில் பதினேழு வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஆறு வீடுகளின் வாசலில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டுதான் தொங்குகிறது. ஒரு வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், இருவர் திருவனந்தபுரத்தில், ஒருவர் பெங்களூருவில், ஒருவர் மகளோடு கனடாவில். ஆறாவது வீடு என்னுடையது. பத்தொன்பது ஆண்டுகளாகச் சென்னையில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, குருந்தன்கோடு ஒன்றியத்தில் உள்ள இந்த வீட்டுக்கு ஆண்டில் மூன்று முறையோ நான்கு முறையோ வந்துபோகிறேன். என்னைப் போன்றவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் திண்ணையில் எழுகிற கேள்விகள் இரண்டுதான். இந்த வீட்டுக்கு என்னென்ன வரியை, எங்கே, யார் பெயரில் கட்ட வேண்டும் என்பது ஒன்று. கட்டுகிற எனக்கு இந்த ஊரின் காரியங்களில் பேச என்ன உரிமை இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான மனவருத்தங்கள் வருகின்றன. வரி வீட்டைப் பற்றியது. வாக்கு, நாம் அன்றாடம் படுத்தெழும் ஊரைப் பற்றியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருபவை எளிதாக விளங்கும்.

முதலில் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று பாருங்கள்

குமரி மாவட்டத்தில் இது நினைப்பதுபோல எளிதான கேள்வி அல்ல. மாவட்டம் சிறியது, ஆனால் நாகர்கோவில் மாநகராட்சி, பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், கொல்லங்கோடு போன்ற நகராட்சிகள், ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பேரூராட்சிகள், 9 ஊராட்சி ஒன்றியங்களில் பரவிக் கிடக்கும் கிராம ஊராட்சிகள் என்று உள்ளாட்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. ஒரே சாலையின் வலப்பக்கம் பேரூராட்சியாகவும் இடப்பக்கம் கிராம ஊராட்சியாகவும் இருக்கும் இடங்கள் உண்டு. அஞ்சல் முகவரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். 2019இல் நாகர்கோவில் மாநகராட்சியாக உயர்ந்ததையும், 2021இல் கொல்லங்கோடு நகராட்சியானதையும் ஒட்டி அக்கம்பக்கத்துச் சில ஊர்களின் எல்லைகள் மாறின. ஆகவே மிகப் பழைய ரசீதை மட்டும் நம்பவும் கூடாது.

கிராம ஊராட்சியில் நீங்கள் கட்டுவது வீட்டு வரி. இது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி விதிக்கப்படுகிறது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் கட்டுவது சொத்து வரி. அதற்கு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் அடிப்படை. கிராமத்தில் தொகை சிறிதாக இருக்கும். நகர்ப்புறத்தில் கட்டடத்தின் பரப்பு, அது அமைந்துள்ள பகுதி, வயது, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவதால் தொகை பெரிதாக இருக்கும். 2022இல் நடந்த சொத்து வரிச் சீராய்வில் 600 சதுர அடிக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டதை வெளியூரில் இருந்த பலர் அடுத்த முறை ஊருக்கு வந்தபோதுதான் அறிந்தார்கள். இரண்டு வகை ரசீதிலும் நூலக வரி என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். அது வீட்டு வரியின் மேல் 10 விழுக்காடு. நம் ஊர் நூலகத்துக்கு நாம் தருகிற பங்கு அது.

வெளியூரில் இருப்பவர் என்பதற்காக நம் மாநிலத்தில் வீட்டு வரியோ சொத்து வரியோ கூடுவதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான உள்ளாட்சி வரியின் மேல் 300 விழுக்காடு வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் 100 விழுக்காடு வரை விதிக்கலாம். அங்கே வேலை பார்க்கும் உறவினர்கள் இந்தச் செய்தியை அனுப்பி, இங்கும் அப்படித்தானா என்று கேட்கிறார்கள். இங்கு அப்படி இல்லை. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் 278.7 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வருவாய்த் துறை ஆண்டுதோறும் கூடுதலாக ஒரு வரி வாங்குகிறது; அதுவும் எல்லைக்கு இப்பால் இல்லை.

எப்போது, எப்படிக் கட்டுவது

நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரிக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு. ஒவ்வோர் அரையாண்டும் தொடங்கிய முப்பது நாள்களுக்குள் கட்டிவிட்டால் வரியில் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் குறையும். உரிய காலத்தைத் தாண்டினால் மாதத்துக்கு 1 விழுக்காடு கூடும். வெளியூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஏப்ரல் முதல் வாரத்தையும் அக்டோபர் முதல் வாரத்தையும் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுவைத்துவிடுங்கள் என்பதுதான். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒன்று, கிராம ஊராட்சிகளுக்கு ஒன்று என அரசின் இரண்டு தனித்தனி வரி இணையதளங்கள் உள்ளன. கிராம ஊராட்சிகளுக்கானது ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையுடையது. இரண்டிலும் வரிவிதிப்பு எண் கையில் இருந்தால் சில நிமிடங்களில் கட்டி ரசீதை இறக்கிக்கொள்ளலாம்.

அந்த எண் கையில் இருந்தும் நான் சறுக்கியது எங்கே என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் வீட்டு வரியை அவர் பெயரிலேயே கட்டிவந்தேன். பக்கத்து வீட்டுச் சித்தப்பா பணத்தைக் கட்டி, ரசீதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். கணக்குகள் கணினிக்கு ஏறிய பிறகு ஒரு நாள் சென்னையில் இருந்தபடி கட்ட முயன்றபோது, பழைய கதவு எண்ணில் வேறொருவர் பெயர் வந்தது. அப்பாவின் பெயரோ முன்னெழுத்து மாறி, வேறொரு தெருவின் கீழ் இருந்தது. இரண்டு ஆண்டு வரி நிலுவை என்றும் காட்டியது. டப்பாவில் இருந்த ரசீதுகளில் ஒன்று கரையான் அரித்து, தொகை மட்டும் தெரிந்து தேதி தெரியாமல் இருந்தது. அந்த ஆண்டுக்குரிய பணத்தை மறுபடியும் கட்டித்தான் கணக்கை நேராக்கினேன். அதற்காகவே நான்கு நாள் விடுப்பு எடுத்து ஊருக்கு வர நேர்ந்தது. ரசீது வந்த அன்றே அதைப் படமெடுத்து, ஆண்டு வாரியாகச் சேமித்துவையுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு வேண்டியவை கடினமானவை அல்ல. வாங்கிய வீடு என்றால் பதிவு செய்த கிரய ஆவணத்தின் நகலும் கடைசியாகக் கட்டிய வரி ரசீதும் வேண்டும். பெற்றோர் வழி வந்த வீடு என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பங்கு பிரிந்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவை வேண்டும். உடன்பிறந்தவர்கள் இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தால், எல்லார் பெயரிலும் மாற்றிக்கொள்வதே நல்லது. ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும், அவர்தானே ஊரில் இருக்கிறார் என்று விட்டுக்கொடுத்த குடும்பங்களில், அடுத்த தலைமுறை தாலுகா அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது; நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றன. வீட்டு வரி, பட்டா, மின் இணைப்பு ஆகிய மூன்றும் மூன்று துறைகளின் தனித்தனிக் கணக்குகள்; ஒன்றில் பெயர் மாற்றினால் மற்றவற்றில் தானாக மாறாது. மூன்றிலும் பெயரைப் பார்த்து, மூன்றையும் உங்கள் ஆவணத்தோடு ஒத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அவசியம்.

நிலத்துக்கு உரிய தீர்வை இன்னொரு தனிக் கணக்கு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் கொச்சியோடும் இருந்த பகுதி இது என்பதால், முதியவர்கள் அதை இன்னும் ‘கரம்’ என்றே சொல்வார்கள். ‘கரம் தீத்தாச்சா?’ என்று என் பெரியம்மா கேட்டால் அது ஊராட்சியின் வீட்டு வரியைப் பற்றிய கேள்வி அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் கட்டும் நில வரியைப் பற்றியது. இதன் ஆண்டு பசலி ஆண்டு. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. தொகை பெரும்பாலும் ஒரு நாள் காய்கறிச் செலவுக்குக்கூட வராது. ஆனால் விட்டுப்போன ரசீது, பட்டா மாறுதலின்போது கேள்வியாக வந்து நிற்கும். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தி, அதாவது வருவாய்த் தீர்வாயம், பட்டாப் பிழைகளைத் திருத்த மனுக் கொடுப்பதற்கு ஏற்ற இடம். பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் அதை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொண்டால் ஒரு வேலை முடியும்.

வருமான வரியில் இரண்டாம் வீடு

வாடகைக்கு விடாமல் உங்கள் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் வீடுகளில் இரண்டுக்கு வருமானம் எதுவும் இல்லை என்றே கணக்கிடப்படும். 2025 நிதிச் சட்டம், வேலை காரணமாகத்தான் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று காட்ட வேண்டிய தேவையையும் நீக்கிவிட்டது. ஆகவே சென்னையில் ஒரு சொந்த அடுக்ககமும் ஊரில் ஒரு வீடும் வைத்திருப்பவருக்கு இதனால் வரிச்சுமை இல்லை. மூன்றாவது ஒன்று இருந்தால், அது பூட்டிக் கிடந்தாலும் வாடகை வருகிறதாகவே கொண்டு வரி கணக்கிடப்படும். அப்பா வழி வீட்டில் பங்கு வந்து சேரும்போது பலருக்கு இந்த நிலை வருகிறது.

வாடகைக்கு விட்டிருந்தால், வாடகையில் இருந்து முதலில் நீங்கள் அந்த ஆண்டில் உண்மையாகவே கட்டிய உள்ளாட்சி வரியைக் கழித்து, மீதியில் பராமரிப்புக்கென்று 30 விழுக்காட்டைக் கழிக்கலாம். கட்டாமல் நிலுவையில் வைத்த வரியைக் கழிக்க முடியாது. வெளிநாட்டில் வாழ்வதால் வரிச் சட்டத்தின்படி இங்கே குடியிராதவராகக் கருதப்படுகிறவரின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், வாடகையில் 30 விழுக்காட்டையும் அதன் மேல் செஸ்ஸையும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் பலரும் இதை அறியாமல், உறவினரின் கணக்கில் வாடகையை வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்; பின்னாளில் தொல்லை வாடகைக்காரருக்கும் சேர்த்து வரும். மொத்த வருமானம் குறைவாக இருந்தால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் விண்ணப்பிக்கலாம்.

கடலோரத்திலோ திற்பரப்பு அருவிப் பக்கத்திலோ வீடு இருப்பவர்கள், சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விடும் எண்ணம் கொண்டால், வீட்டு வரியும் மின்கட்டணமும் குடியிருப்புக்கு உரியவையாக நீடிக்காமல் போகலாம் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் பதிவு பெற, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பூட்டிவிட்டுப் போகிறவருக்கு அது பொருந்தாது.

வாக்கு எங்கே

ஓர் அக்டோபர் 2ஆம் நாள் ஊரில் இருந்தேன். தொடக்கப் பள்ளி வளாகத்தில் பந்தல் போட்டு கிராம சபை நடந்தது. எங்கள் தெருவின் மழைநீர் ஓடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு போனேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண், பேனாவைத் திரும்ப வாங்காமல், மெல்லிய குரலில், ‘அண்ணாச்சி, ஒங்களுக்கு ஓட்டு இங்க உண்டா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அப்போ அங்க இருந்து கேளுங்க, மனுவ எங்கிட்ட தாங்க’ என்று நாற்காலியைக் காட்டினார். அன்று எனக்கு முகம் சுண்டியது உண்மைதான். பிறகு சட்டத்தைப் படித்தபோது அவர் செய்தது முற்றிலும் சரி என்று அறிந்துகொண்டேன்.

கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. அரசமைப்புச் சட்டமும் ஊராட்சிகள் சட்டமும் இதையே சொல்கின்றன. வாக்காளர் பட்டியலிலோ, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன்படி, ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர்கள்தாம் இடம்பெற முடியும். அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவருக்கு ஒரு தொகுதியில் வீடு சொந்தமாகவோ கைவசமோ இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் அவரை அங்கே வழக்கமாகக் குடியிருப்பவராகக் கருதக்கூடாது என்று நேராகவே சொல்லிவிடுகிறது. எத்தனை ஆண்டு வரி ரசீது வைத்திருந்தாலும் அது வாக்குக்கு வழியாகாது. அதே நேரத்தில், சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு, சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாவிட்டாலும், அங்கே வாக்கு உண்டு. பிரான்சில் ஓர் ஊரில் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக உள்ளூர் வரி கட்டுகிறவர், அங்கே குடியிராவிட்டாலும் தம் வாக்குப் பதிவை அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். நம் சட்டம் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. அது நியாயமானது என்றே கருதுகிறேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்கு வராத கோடையில் குடத்தோடு நிற்பவர்களின் கையில் ஊர்க் காரியங்களின் முடிவு இருக்க வேண்டும். அந்த வாரத்தில் சென்னையில் இருக்கும் என் கையில் அல்ல.

இதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த வீட்டில் நீங்கள் உண்மையாகக் குடியிருக்கிறீர்கள் என்பதை முடிவு செய்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொகுதிகளில் பெயர் இருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இடம் மாறியதற்குப் படிவம் 8. முதன்முறை பதிவுக்குப் படிவம் 6. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. ஊரில் பூட்டிக் கிடந்த வீடுகளில் அதை வாங்க ஆள் இல்லை. ஊரிலும் சென்னையிலும் பெயர் இருந்தவர்கள் எந்த இடத்தில் பெயர் நிலைத்திருக்கிறது என்று இப்போதாவது தேடிப் பார்க்க வேண்டும்.

ஊரைவிட்டுத் தற்காலிகமாகப் போயிருப்பவரின் நிலை வேறு. பணியின் பொருட்டுச் சில மாதம் வெளியே இருந்தாலும் குடும்பமும் வாழ்க்கையும் ஊரில் என்றால், அதனால் மட்டும் அவர் ஊர்க்காரர் என்ற நிலை போய்விடாது. வாக்காளர் பதிவு அலுவலர் உண்மை நிலையைப் பார்த்துத் தீர்மானிப்பார். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தனி வழி திறந்தது. கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரியில், படிவம் 6ஏ கொடுத்து, அயல்நாட்டு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். குவைத்தில் இருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊரில் வாக்கு இருக்க, சென்னையில் இருக்கும் எனக்கு இல்லாததன் காரணம் இதுதான். இதைக் கேட்டுப் பலர் வியப்படைகிறார்கள்.

வாக்கு இல்லாதவர் பேசும் வழிகள்

வாக்கு இல்லை என்பதால் வாய் மூடிவிட வேண்டியதில்லை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும், உங்கள் கோரிக்கையைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்து, அதே தெருவில் வாக்கு உள்ள ஒருவரை அதைப் பேசச் சொல்லலாம். நான் இப்போது செய்வது இதுவே. ‘எங்கள் தெரு ஓடை’ என்று ஏழு வீட்டார் கையெழுத்திட்ட மனுவில் என் கையெழுத்து ஏழாவதாக இருக்கும். பேசுவது, அங்கேயே குடியிருக்கும் தையல்கார அக்கா. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 2022 முதல் வார்டுக் குழுவும் பகுதி சபையும் இயங்குகின்றன. அங்கு உறுப்பினர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்வது உதவும். ஊரகத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபின் குமரி மாவட்டத்துக் கிராம ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தன. அத்தகைய காலத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கும் மனுவின் ஒரு நகலை அனுப்புவது நல்லது.

எழுத்து மூலமான மற்ற வழிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதற்கு வாக்கு வேண்டாம், உள்ளூர்க்காரராக இருக்கவும் வேண்டாம், குடிமகனாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வரக்கூடிய பதிலை மனத்தில் வைத்துக் கேள்வியை அமையுங்கள். ‘ஓடையை ஏன் தூர்வாரவில்லை’ என்று கேட்டால் விளக்கக் கடிதம் வரும், அல்லது அதுவும் வராது. ‘இந்த ஓடைப் பணிக்காகக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, அளவுப் புத்தகத்தின் நகல், இது குறித்துக் கிராம சபையில் நிறைவேறிய தீர்மானங்களின் நகல்’ என்று கேட்டால் காகிதமே வரும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது. அவர்கள் ஊரில் உள்ள உறவினர் வழியாகக் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமைகளில் நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாரும் மனுக் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணும் உண்டு. மனுவுக்கு எண் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். கடற்கரை ஊர்களில் பெரிய திட்டங்கள் வரும்போது, அவற்றில் பலவற்றுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறுகிறது. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. நேரில் வர முடியாதவர்களும், பாதிக்கப்படக்கூடிய சொத்து அங்கு இருப்பவர்கள் என்ற முறையில், எழுத்தில் கருத்து அனுப்பலாம். வீடு வைத்திருப்பது வாக்குக்குக் காரணம் ஆகாவிட்டாலும், இங்கே அது தெளிவான காரணம்.

ஊர்க் கமிட்டியும் சபையும்

சட்டம் எழுதாத இன்னொரு வரி நம் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர்க் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தலைக்கட்டு வரி, கத்தோலிக்கப் பங்கின் குடும்பச் சந்தா, சி.எஸ்.ஐ. சபைச் சேகரத்தின் சங்கக் காணிக்கை, பள்ளிவாசலின் ஜமாஅத் சந்தா என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர். வெளியூரில் இருப்பவர்களின் குரல் உண்மையில் எடுபடுவதும் எடுபடாததும் பெரும்பாலும் இங்கேதான். கொடை, திருவிழா, கல்யாணம், சாவு, சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு என எல்லாமே முதலில் பேசப்படுவது இந்த இடங்களில்தான். நான் சொல்லக்கூடிய அறிவுரை, இந்தத் தொகையைக் கேட்கும் முன்பே ஆண்டுத் தொடக்கத்தில் கட்டுவதும், கட்டியதற்கு ரசீது வாங்குவதும், திருவிழாவுக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டுக் கமிட்டிக் கூட்டத்தில் அதை நினைவூட்டாமல் இருப்பதும் ஆகும். பங்குப் பேரவையிலோ பங்கின் சிறு குழுவான அன்பியத்திலோ கமிட்டியிலோ பொறுப்பு ஏற்கச் சொன்னால், ஆண்டில் முக்கால்வாசி நாள் ஊரில் இல்லாதவர் அதை மறுத்துவிடுவதே சரி. கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுங்கள். அங்கே கேள்வி கேட்பது எந்த உறுப்பினருக்கும் உரிமை.

என் வீட்டுச் சுற்றுச்சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவர் கட்டியபோது, தெருவின் தண்ணீர் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றை வைத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. அந்த ஜூனில் மாவிலையும் சிரட்டையும் வந்து அடைத்து, தையல்கார அக்காவின் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வீடு பூட்டிக் கிடந்தது, என் எண் யாரிடமும் இல்லை. கமிட்டிக்காரர் இரண்டு பேர் மதிலேறிக் குதித்து, மண்வெட்டியால் அடைப்பை எடுத்தார்கள். ஓடையைப் பற்றிப் பேச நான் கிராம சபைக்குப் போனது அதற்கு மூன்று மாதம் கழித்து. அந்த மேசைக்குப் பின்னால் இருந்த பெண் இந்த அக்காவின் மருமகள். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னவருக்கு அன்று அது முழுவதும் தெரியும்.

அடுத்த விடுப்பில் குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டடி அகலத்துக்குச் சுவரைத் திறந்து, கம்பி வலை போட்டேன். ஆகவே ஊரில் இருந்து புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் வரி ரசீதோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளிக் கதவின் ஒரு சாவியும் உங்கள் கைப்பேசி எண்ணும் பக்கத்து வீட்டிலும் கமிட்டிச் செயலாளரிடமும் இருக்கட்டும், ஜூனுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் கூலி கொடுத்து உங்கள் எல்லைக்குள் உள்ள ஓடையை வாரச் சொல்லுங்கள், வாரியதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.